ஏழு மன்றாட்டு நேரம்

ராயபுரத்துத் தெருவில் நின்று "அருளு!" என்று ஒரு குரல் கொடுத்தால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அருளப்பன், அருள்ராஜ், அருள்தாஸ் என்று வீட்டுக்கு ஒருத்தன் இருந்தான். பாவம், ஒயர்லெஸ் ஆபீசிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பனுக்கு இதை யாரும் சொல்லி அனுப்பவில்லை. காலையிலிருந்து ஆறு அருளுகளைப் பார்த்து, ஆறு வீட்டிலும் மறுக்க முடியாமல் காப்பி குடித்து, ஏழாவதாக அவர் வந்து நின்ற இடம் 'அருள் சவுண்டு சர்வீஸ்'. உள்ளே முக்காலியில் உட்கார்ந்து ஒரு பழைய ஆம்ப்ளிபயரைக் குடைந்துகொண்டிருந்த அருள்நாதன், வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்ததுமே எழுந்து நின்றான்.

"போன சனிக்கிழமை சாயங்காலம் ஹார்பர்காரங்க வாக்கி-டாக்கியில ஒரு வெளி ஆள் குரல் புகுந்திருக்கு" என்றார் கிருஷ்ணப்பன். கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து, சட்டமன்றத்தில் வாசிப்பதுபோல வாசித்தார். "'அருளு மாமா, கேக்குதா? ஒண்ணு, ரெண்டு, மூணு. மீன் கொயம்பு வாசன வருது மாமா, ஜல்தியா சொல்லு, கேக்குதா?' இதுதான் குரல்."

அருள்நாதன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சால்டரிங் அயனைக் கீழே வைத்தான். அந்தக் குரல் அவன் மச்சான் லூயிஸுடையது. மனைவி ஃப்ளோரன்ஸின் தம்பி. ஹார்பர் சுவர் ஓரமாக நடந்துகொண்டே பேசிப் பார் என்று அனுப்பினால், இந்த வாயாடி மீன் குழம்பைப் பற்றியும் பேசித் தொலைத்திருக்கிறான்.

"என்கிட்ட இன்னா சார் கீது? எல்லாம் ஒயர் மைக்கு. ஒயர் இல்லாம பேசறதெல்லாம் நமக்கு இன்னா தெரியும்?"

ஒயர் இல்லாமல் பேசுகிற அந்த மைக், இன்ஸ்பெக்டரின் முழங்காலுக்கு நேராக, கலர் பல்பு மூட்டைக்கு அடியில் கிடந்தது. சிகரெட் டப்பா அளவு பெட்டி. ஒரு கப்பல்காரனிடமிருந்து லூயிஸ் வாங்கி வந்து கொடுத்தது. கிருஷ்ணப்பன் கடையைச் சுற்றிப் பார்த்தார். தேட அவரிடம் உத்தரவு இல்லை போலிருக்கிறது. ஆனால் கண் மட்டும் மூட்டை மேல் ஒரு கணம் நின்றது.

"லைசன்ஸ் இல்லாம வச்சிருந்தாலே குத்தம். குத்தம் கிடக்கட்டும். அந்த மைக் பேசற அலையும் ஹார்பர் பேசற அலையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. கரையில நின்னு உத்தரவு குடுக்கற செராங் 'நிறுத்து'ம்பான், இழுவைப் படகுக்காரன் காதுல 'மீன் குழம்பு'ன்னு விழும். புரியுதா? அங்க கப்பல் கட்டற வடத்துக்கு நடுவுல ஆளுங்க இருக்காங்க."

"புரியுது சார்."

"சின்னப் பெட்டிதான். தானா விட்டா ரொம்ப தூரம் போகாது. எவனாவது புத்திசாலி அதுக்கு நீளமா ஒரு கம்பியைக் கட்டி உசரத்துல தூக்கிட்டான்னா, அப்புறம் அது சின்னப் பெட்டி இல்ல." அவர் ஜீப்பில் ஏறினார். "யார் கையிலாவது பாத்தா சொல்லுங்க. அவங்களே கொண்டாந்து குடுத்தா நான் நல்லபடியா எழுதிக்கறேன்."

கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அன்றைக்கே கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அருள்நாதன் பெரிய வாயைத் திறந்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அவர்கள் பங்குக் கோயில் திருவிழாவில் கடைசி நாள் பங்குச் சாமியார் படகில் ஏறிக் கடலுக்குள் போய், மாதா மன்றாட்டு சொல்லி, பவனிச் சிலுவையைத் தண்ணீரில் மூன்று முறை முக்கி எடுப்பார். அதற்குப் பிறகுதான் வலைக்காரர்கள் கடலில் இறங்குவது வழக்கம். ஆண்டுதோறும் சாமியார் கடலில் வாயசைப்பதைக் கரையிலிருக்கிற ஜனம் ஊமைப்படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் பதில் சொல்வது என்றுகூடத் தெரியாது.

இந்த வருஷம் தண்டையார்ப்பேட்டையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் மாசானம் பதினாறு ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறேன் என்று திருவிழாக் கமிட்டியில் வந்து நின்றான். அவனிடம் புதுச் செட்டு. அருள்நாதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "குழாய எவன் வேணா கட்டுவான். கடல்லேர்ந்து சாமியோட குரல நான் தெருவுக்குக் கொண்டாறேன். ஒயர் இல்லாம. முடியுமா மாசானம்?" என்றான். கமிட்டி கை தட்டியது. ஆசை வெட்கமறியாது என்பார்கள். பெருமை அதற்கும் மேலே, அது எதையுமே அறியாது.

வீட்டுக்குப் போனதும் ஃப்ளோரன்ஸ் கேட்டாள். "ஜீப்பு வந்துச்சாமே. இன்னாவாம்?"

"சும்மா வந்தாங்க. ஒரு நிமிசம் பேசினாங்க, போயிட்டாங்க."

"ஒரு நிமிசமா? எதுத்த வூட்டு சிலுவையம்மா அரை மணி நேரம்ன்றா." கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "உன் வாயில வர்ற கணக்கு ஒண்ணு பாதியாகும், இல்ல ரெண்டு மடங்காகும். கரெக்டா ஒரு தபாவாச்சும் சொல்லியிருக்கியா நீ?"

அவன் கை கழுவப் போனான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடலில் வைத்துப் பார்த்தார்கள். லூயிஸ் பெட்டியோடு படகில் போனான். அருள்நாதன் கரையில் பெட்டியின் குரலைப் பிடிக்கும் ரிசீவரைத் திருகிக்கொண்டு, ஹெட்போனைக் காதில் மாட்டி உட்கார்ந்தான். அலைக்கு அந்தப் பக்கம் படகு போனதும் குரல் தேய்ந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் வெறும் இரைச்சல். தை மாத வாடைக் காற்றிலும் அருள்நாதனுக்கு வேர்த்தது. நாளை மறுநாள் ஊரே கூடி நிற்கும். மாசானம் முன்வரிசையில் நிற்பான்.

அப்போதுதான் அவனுக்கு இன்ஸ்பெக்டரின் பேச்சு நினைவுக்கு வந்தது. நீளமாக ஒரு கம்பி. உசரத்தில். எச்சரிக்கையாகச் சொன்னதை இந்த மகராசன் பாடமாக எடுத்துக்கொண்டான்.

படகில் உயரமாக நிற்கப்போவது எது? பவனிச் சிலுவை. ஆளை விட உயரமான பித்தளைச் சிலுவை, கழியும் பித்தளை. அதைப் பிடித்து நிற்கப்போகிறவன் லூயிஸ். பெட்டியைச் சிலுவையின் கைக்குக் கீழே கட்டி, அதன் கம்பியைச் சிலுவையோடு சேர்த்து முறுக்கிவிட்டான். மேலே பூமாலை சுற்றினால் வெளியே தெரியாது. சனிக்கிழமை மறுபடி பார்த்தார்கள். குரல் கணீரென்று வந்தது. பக்கத்தில் நின்று பேசுவதுபோல வந்தது.

"மாமா, முக்கறதுக்கு முன்னாடி பெட்டிய கயட்டிடணுமா?" என்று லூயிஸ் கேட்டான்.

"பின்ன? உப்புத்தண்ணி பட்டா அத்தோட பெட்டி காலி. மன்றாட்டு முடிஞ்சதும் கயட்டி மடியில வச்சிக்கோ, அப்பால முக்கு."

அன்று சாயங்காலம் ரஹீம் வீட்டுக்கு வந்தான். லூயிஸும் அவனும் ஹார்பரில் ஒரே படகு. கப்பலிலிருந்து இறக்குகிற தொடை மொத்த வடத்தைப் படகில் எடுத்துப் போய் மிதவையில் மாட்டுகிற வேலை. ரம்ஜானுக்கும் பக்ரீத்துக்கும் ரஹீமின் டூட்டியை லூயிஸ் பார்ப்பான். மாதா திருவிழாவுக்கு லூயிஸின் டூட்டியை ரஹீம் பார்ப்பான். பத்து வருஷமாக இதுதான் வழக்கம். எழுத்தில் கிடையாது, யாரும் தவறியதும் கிடையாது.

ரஹீம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு, "அக்கா, கொயம்பு வாசன ஹார்பர் ஒயர்லெஸ்ல வந்துச்சே, இதானா அது?" என்று கண்ணடித்தான். லூயிஸின் குரலை அவன் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டிருந்தான், யாரிடமும் வாய் திறக்கவில்லை.

"நாளைக்கு கோதுமக் கப்பல் ஒண்ணு நாலு மணிக்கு உள்ள வருது. துரை செராங் என்னத்தான் மொத வடத்துக்குப் போவச் சொல்லிட்டாரு. நீ கவலப்படாம சிலுவையத் தூக்கு தோஸ்து" என்று லூயிஸின் முதுகில் தட்டினான். பிறகு அருள்நாதனைப் பார்த்து, "சாமியார் குரலு எங்க வரைக்கும் கேக்கும் அண்ணாத்தே? ஹார்பர் வரைக்கும் கேக்குமா?" என்றான்.

"நீ டூட்டில குந்திகினே கேக்கலாம்" என்றான் அருள்நாதன். அந்தச் சொல்லைப் பிற்பாடு அவன் எத்தனை முறை நினைத்துக்கொண்டானோ.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கரையில் எள் போட்டால் எள் விழாது. பெண்கள் முக்காடும் மெழுகுவத்தியுமாக முன்னால் நின்றார்கள். கோயிலிலிருந்து கரை வரைக்கும் பதினாறு குழாய். அதில் ஒன்றை மட்டும் அருள்நாதன் கடலைப் பார்த்துத் திருப்பிக் கட்டியிருந்தான். 'ஆரம்பி' என்று லூயிஸுக்குச் சொல்வதற்காக அந்த ஏற்பாடு. கீற்றுப் பந்தலுக்குள் ஒரு பக்கம் ஆம்ப்ளிபயர், பக்கத்தில் ரிசீவர், கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு சாதாரண ஒயர் மைக். ஹெட்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான் அவன்.

படகு அலையைத் தாண்டிப் போய் நின்றது. கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம். லூயிஸ் மாலை சுற்றிய சிலுவையை நட்டமாகப் பிடித்திருந்தான். பங்குச் சாமியார் அம்புரோஸ் அதன் அருகில் நின்று தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் பதினாறு குழாயிலும் கேட்டது. ஜனம் ஒரு கணம் மூச்சைப் பிடித்தது. பிறகு "ஆ!" என்று ஒரு சத்தம். கிழவி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கமிட்டித் தலைவர் பந்தலை எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். மாசானம் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். அருள்நாதனின் நாற்பது வருஷ வாழ்க்கையில் அப்படி ஒரு நிமிஷம் அதற்கு முன்னால் வந்ததில்லை. உள்ளது உள்ளபடி சொல்ல வேண்டும், அப்போது அவன் சந்தோஷமாக இருந்தான்.

மாதா மன்றாட்டு தொடங்கியது. சாமியார் கடலிலிருந்து மாதாவை ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழைத்தார். ஒவ்வொன்றுக்கும் கரையிலிருந்து ஆயிரம் பேர் "வேண்டிக்கொள்ளும்" என்று பதில் கொடுத்தார்கள். ஒரு பெயரும் ஒரு பதிலும் சேர்ந்தால் ஒரு மன்றாட்டு.

பாதிப் பெயர்கள் ஆனபோது அலை ஒன்று படகைத் தாழ இறக்கியது. ஹெட்போனில் சாமியாரின் குரல் மங்கியது. அந்த இடைவெளியில் வேறொரு குரல் வந்தது.

"...டக்கு... இழுக்காத... பொறு, இழுக்காத..."

"வேண்டிக்கொள்ளும்!" என்றது ஜனம். அந்த இரைச்சலில் குழாயில் வந்த குரல் யார் காதிலும் ஏறவில்லை. அருள்நாதனின் காதில் மட்டும் ஏறியது. துரை செராங்கின் குரல் அது, அவனுக்குத் தெரியும். கரையில் நின்று 'டக்கு'க்கு, அதாவது இழுவைப் படகுக்கு, உத்தரவு சொல்கிறவர். கப்பலின் உடம்பு மறைப்பதால் இழுவைப் படகுக்காரனுக்கு முன்னால் நடப்பது எதுவும் தெரியாது, அவனுக்குக் கண்ணே அந்த வாக்கி-டாக்கிதான் என்று லூயிஸ் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான்.

அருள்நாதனுக்கு எல்லாம் அந்தக் கணமே விளங்கிவிட்டது. அதுதான் கொடுமை. விளங்காமல் இருந்திருந்தால் அவனை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

படகு மேலே ஏறியது. சாமியாரின் குரல் மறுபடி கணீரென்று எல்லாவற்றையும் மூடியது. "வேண்டிக்கொள்ளும்!"

இரண்டாவது மன்றாட்டு.

ஹார்பரில் தினமும் இப்படி எதையாவது கத்திக்கொண்டுதான் இருப்பார்கள், பெரிதாக ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டான். "வேண்டிக்கொள்ளும்!"

மூன்று.

நாலாவதில் ஜீப் வந்தது. கூட்டத்தின் பின்பக்கமாக, ஊர்ந்து ஊர்ந்து. கூரை மேல், அலை வரும் திசையைத் தேடுகிற ஒரு வட்டக் கம்பி மெதுவாகத் திரும்பி, கடலைப் பார்த்து நின்றது. கிருஷ்ணப்பன் இறங்கிக் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் படகைப் பார்த்தார். அருள்நாதனின் கை ஆம்ப்ளிபயரின் சுவிட்சுக்குப் போயிற்று. போய் நின்றது. இதை அணைத்து என்ன பயன்? குழாய்தான் ஊமையாகும். பெட்டி கடலில், சிலுவையின் உச்சியில் கட்டிய கம்பியோடு, அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும். அதை நிறுத்தக் கூடியவன் லூயிஸ் ஒருத்தன். லூயிஸிடம் சொல்வதற்கு இருக்கிற ஒரே வழி, கடலைப் பார்த்துக் கட்டிய அந்தக் குழாய். அதில் பேசினால் மற்ற பதினைந்திலும் கேட்கும். ஊர் கேட்கும். மாசானம் கேட்பான். இன்ஸ்பெக்டர் கேட்பார்.

இன்னும் ஐந்து நிமிஷம். மன்றாட்டு முடிந்துவிடும். லூயிஸ் பெட்டியைக் கழற்றிக் கடலில் போட்டுவிட்டால் யார் கண்டது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான். ஆனால் மறைத்துவிடலாம். "வேண்டிக்கொள்ளும்!"

ஐந்தாவதில் படகு தாழ்ந்தது. "...ரஹீம் வடத்துக்கு உள்ள கீறான்... கேக்குதா... டக்கு, கேக்குதா..."

அருள்நாதன் ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்தான். எடுத்தால் கேட்காது அல்லவா? ஆறு. மறுபடி மாட்டினான். ஏழாவது மன்றாட்டில் அலை இறங்கியபோது துரை செராங் உத்தரவு எதுவும் சொல்லவில்லை. "நைனா, நைனா, வெளிய குதிடா நைனா" என்று அழுதுகொண்டிருந்தார்.

ஒயர் மைக்கை அவன் எப்போது எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"லூயிசு! சிலுவைய தண்ணில முக்கு!"

பதினாறு குழாயும் அலறின. ஜனம் திடுக்கிட்டது. மாதாவின் பெயர் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டுச் சாமியார் கரையைப் பார்த்தார். அவருடைய கோபமும் குழாயிலேயே வந்தது. "அருள்நாதா! குடிச்சிருக்கியா? மன்றாட்டு முடியட்டும்!"

லூயிஸ் சிலுவையைப் பிடித்தபடி அசையாமல் நின்றான். சாமி சொல்லாமல் சிலுவையை இறக்க அவனுக்கு மனசு வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கமிட்டித் தலைவர் பந்தலை நோக்கி ஓடி வந்தார்.

"சாமி, மன்னிச்சுக்குங்க சாமி. அந்த மைக்குக்கு லைசன்ஸ் இல்ல. நான்தான் திருட்டுத்தனமா வச்சிருந்தேன். நம்ம கொரலு ஹார்பர் ஒயர்லெஸ் மேல ஏறி அடச்சிகினு கீது. டேய் லூயிசு! ரஹீம் வடத்துல மாட்டிகினான்டா! உன் டூட்டிடா! பெட்டியக் கயட்டாத, அப்படியே முக்குடா!"

ரஹீமின் பெயர் போதுமாக இருந்தது. லூயிஸ் சாமியாரைப் பார்க்கவில்லை. மாலையோடு, கம்பியோடு, பெட்டியோடு சிலுவையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடலுக்குள் இறக்கினான். தோள் வரைக்கும் கை தண்ணீரில் போயிற்று. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாமியார் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

குழாய்களில் ஒரு சீறல் வந்தது. அது அடங்கியதும், திருவிழாத் தெருவெங்கும், கரையெங்கும், துரை செராங்கின் குரல் இறங்கியது.

"நிறுத்து! டக்கு நிறுத்து! நிறுத்துடா!"

"நிறுத்தியாச்சு, நிறுத்தியாச்சு" என்று வேறொரு குரல் பதறியது. "இம்மா நேரம் மாதா பிரார்த்தனதான் கேட்டுகினு இருந்துச்சு! இன்னா ஆச்சு?"

ஜனத்துக்கு இப்போதுதான் புரிந்தது. ஃப்ளோரன்ஸ் பந்தலின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தபடி நின்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிருஷ்ணப்பன் வந்தார். ரிசீவரை நோக்கிக் கையை நீட்டினார். ஹார்பர் அலையை வெளி ஆள் கேட்பதே குற்றம். அதை ஊருக்கெல்லாம் குழாய் வைத்துக் கேட்கவைப்பது எந்தக் குற்றம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அணைக்கத்தான் போகிறார் என்று அருள்நாதன் ஒதுங்கினான். கிருஷ்ணப்பன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்" என்றார். "அந்த ஆளு என்ன ஆனான்னு தெரியட்டும்."

நின்றார்கள். சட்டத்தின் ஆளும் குற்றவாளியும் ஆயிரம் ஜனமும் ஒரே குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "படகு கவுந்து கீது" என்றது குழாய். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. "ஒரு தல தெரியுது. இல்ல, அது இன்னொருத்தன். ரஹீமக் காணோம்." எங்கேயோ ஒரு பெண்பிள்ளை மன்றாட்டை விட்ட இடத்திலிருந்து மெல்லச் சொல்லத் தொடங்கினாள். மைக் இல்லை, குழாய் இல்லை. பக்கத்திலிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். படகு கரையைத் தொடும் முன்பே லூயிஸ் குதித்து இடுப்புத் தண்ணீரில் ஓடி வந்தான். சிலுவையை அக்காவின் கையில் திணித்துவிட்டு, ஹார்பர் பக்கம் வெறுங்காலோடு ஓடினான்.

"கெடச்சிட்டான்!" குழாய் கத்தியது. "மூச்சு கீது! ரஹீமுக்கு மூச்சு கீது! கை... வலது கை வடத்துல நசுங்கிப் போச்சு. டாக்டருக்கு ஆள் அனுப்பு, ஜல்தி!"

அதற்குப் பிறகு கரையில் எழுந்த சத்தத்தை எந்த ஆம்ப்ளிபயரும் கொடுத்திருக்க முடியாது. கிருஷ்ணப்பன் குனிந்து ரிசீவரை அணைத்தார். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். யார் யாரோ வந்து அருள்நாதனின் தோளைப் பிடித்தார்கள். நீ இல்லாட்டி அந்தப் பையன் போயிருப்பான் அருளு என்றார்கள். தன் மானத்தைப் பார்க்காமல் உயிரைக் காப்பாற்றினாய் என்றார் கமிட்டித் தலைவர். மாசானம்கூட வந்து கையைப் பிடித்தான். அருள்நாதனுக்கு ஒவ்வொரு கையும் நெருப்பாகச் சுட்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு ஃபாரத்தை ஆம்ப்ளிபயர் மேல் விரித்தார். பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எழுதினார். பெட்டி யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்டார். "நான்தான் வாங்கினேன். கப்பல்காரன் பேரு தெரியாது" என்றான் அருள்நாதன். அவர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு அப்படியே எழுதிக்கொண்டார்.

"கேஸ் போட்டுத்தான் ஆகணும். கடைக்கு சீல் வைக்கணும். ஆனா ஒண்ணு." குரலைத் தாழ்த்தினார். "இடைஞ்சல்னு தெரிஞ்ச உடனே தானாவே முன்வந்து நிறுத்தினார்னு எழுதறேன். ஊரே சாட்சி. அது உங்களுக்கு ரொம்ப உதவும். உடனேதானே?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஹெட்போன் அவன் காதில் மட்டும்தான் இருந்தது. அந்த ஏழு மன்றாட்டுக்கு இடையில் வந்த குரலை அவனைத் தவிரக் கேட்டவர் இல்லை. ஃப்ளோரன்ஸ் ஈரச் சிலுவையை மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பி முறுக்கிய இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். மாலையிலிருந்து தண்ணீர் அவள் புடவையில் சொட்டியது.

"இல்ல சார்" என்றான்.

"என்ன இல்ல?"

"உடனே இல்ல. ஏழு மன்றாட்டு போச்சு சார். மொத தபா கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. கடைக்கும் கவுரவத்துக்கும் பயந்துகினு, ஏழு மன்றாட்டு வாய மூடிகினு குந்தியிருந்தேன். மொத மன்றாட்டுலயே சொல்லியிருந்தா அவன் கை இருந்திருக்கும்."

தோள்மேல் இருந்த கைகள் ஒன்றொன்றாக விலகின. கமிட்டித் தலைவர் எங்கேயோ பார்த்தார். கிருஷ்ணப்பன் பேனாவை ஃபாரத்தின் மேல் வைத்தார். அதை மேலிருந்து கீழே ஒரு முறை படித்துப் பார்த்தார்.

"இதை எழுத இதுல எடம் இல்லையே" என்றார்.

"அப்போ ரஹீமாண்டயே சொல்லிக்கறேன் சார். கையெழுத்து எங்க போடணும்?"

காட்டிய இடத்தில் போட்டான். பந்தலை விட்டு வெளியே வந்து செருப்பைத் தேடினான். கிடைக்கவில்லை. கூட்டம் வழிவிட்டது, ஆனால் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஃப்ளோரன்ஸ் சிலுவையைச் சாமியாரிடம் கொடுத்துவிட்டு, முந்தானையைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"நீ இன்னாத்துக்கு வர்றே?" என்றான் அவன்.

"ஆஸ்பத்திரில அவன் கைக்கட்டப் பாத்ததும் உன் வாயில ஏழு மூணாயிடும். பக்கத்துல ஒருத்தி நிக்கணும் இல்ல?" என்றாள் அவள். இருவரும் ஹார்பர் பக்கம் நடந்தார்கள்.